அகலமில்லாப் புள்ளி

லினக்ஸ் கெர்னலின் 6.16ஆம் பதிப்பு 2025 ஜூலை 27 அன்று வெளியானது. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை இப்படியொரு பதிப்பு வருவது வழக்கம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கும். கணினிச் செய்தித்தளங்கள் அவற்றிலிருந்து புதிய சில்லுகளுக்கான ஆதரவு, கோப்புமுறைமைகளின் வேகம் என்று சிலவற்றைப் பொறுக்கியெடுத்து எழுதும், பிறகு எல்லோரும் மறந்துவிடுவார்கள். 6.16இன் பட்டியலில் ஒரு மூலையில் நிக்கோலா பித்ர் என்ற நிரலர் எழுதிச் சேர்த்த சில திருத்தங்கள் இருக்கின்றன. கெர்னலின் எழுத்துமுனையம் ஒருங்குறி எழுத்துகளின் அகலத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதைப் பற்றியவை அவை. திரையில் இரண்டு கட்டங்களை அடைக்கும் எழுத்து எது, அகலமே இல்லாத குறி எது, ஓர் எழுத்தும் அதன்மேல் ஏறும் குறியும் அடுத்தடுத்து வந்தால் அவற்றை ஒரே எழுத்தாகச் சேர்த்துவிடலாமா என்பன அவற்றின் கேள்விகள்.

அகலமே இல்லாத குறிகளின் கூட்டத்தில் தமிழ் மெய்யெழுத்தின் புள்ளியும் உண்டு. இந்தச் சிறு செய்தி என்னை 447 ஆண்டுகள் பின்னால், முத்துக்குளித்துறைக்கு இழுத்துச் சென்றது. தமிழ் எழுத்து முதன்முதலில் ஓர் இயந்திரத்துக்குள் நுழைந்தபோதும் முதலில் விடுபட்டது புள்ளிதான்.

கெர்னல் என்றால் என்ன என்று இரண்டு வரி. அது இயங்குதளத்தின் கரு. விசைப்பலகையில் விரல் பட்டதும் அச்செய்தியை முதலில் வாங்குவது, நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் கோப்புகளை எழுதுவது எல்லாம் அதன் வேலை. நாம் பார்க்கும் சாளரங்களும் படங்களும் அதற்கு மேலே அடுக்கப்பட்டவை. கருவுக்கென்று சொந்தமாக ஒரு திரைமுகமும் உண்டு. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் ஓடும் அந்த முனையத்தைக் கணினி நலமாக இருக்கும்வரை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சாளரங்கள் எழாமற்போகும் நாளில் நம்மிடம் பேசுவது அது ஒன்றுதான். அங்கே தமிழுக்கு என்ன இடம் என்பதே இங்கே பேச்சு.

*

புள்ளி நம் எழுத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அலங்காரமில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பதும், குற்றெகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியத்திலேயே இருக்கும் விதிகள். விதி ஏட்டில் இருந்ததே தவிர எழுதும் கை அதைப் பெரும்பாலும் பின்பற்றவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓலையை வாசித்தவர்களுக்குப் புள்ளி தேவைப்படவில்லை. ‘கொல’ என்று எழுதியிருந்தால் அது கொல்லா, கோலா, கொலவா என்பதைச் செய்யுளின் யாப்பும் பொருளும் காட்டிக்கொடுத்துவிடும். பாடம் ஏற்கெனவே வாசகனின் நெஞ்சில் இருந்தது. ஏடு அதை நினைவூட்டினால் போதும்.

பாடம் நெஞ்சில் இல்லாத ஒருவர் வந்து சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்த அன்றிக்கே அன்றிக்கேசு என்ற ஏசுசபைப் பாதிரியார் 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே கிறித்தவத்தைத் தழுவியிருந்தார்கள். பிரான்சிஸ் சேவியர் வந்து போயிருந்தார். அன்றிக்கேசு தமிழைக் காதால் கேட்டும் ஓலையில் வாசித்தும் கற்றார். 1549இலேயே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதத் தொடங்கிவிட்டார். போர்த்துக்கீச மொழியில் அமைந்த அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல்தான் அச்சேறியது. கரையோரத்து மக்களின் பேச்சுத்தமிழை நமக்குக் காட்டும் மிக அரிய ஆவணங்களுள் அது ஒன்று. தமிழிலக்கிய வாசகர்கள் அதை இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

தமிழில் அச்சுப்புத்தகம் என்ற எண்ணத்துக்கு அன்று எளிய வழியொன்று கைவசம் இருந்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்விச் சிறுநூல் அந்த வழியில் போனதுதான். தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கையில் ஏற்கெனவே உரோமன் அச்செழுத்துகள் உள்ளன, தமிழைக் காதால் கேட்டபடி அவற்றில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இன்று ‘vanakkam’ என்று தட்டுவோரின் தர்க்கமும் இதுவே என்று எழுத வந்தேன். உரோமன் எழுத்தை இங்கே நுழைத்ததற்கு மன்னிக்கவும், ‘வணக்கம்’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பரதவர் கையில் கொடுத்து என்ன பயன்?

ஆகவே தமிழ் எழுத்தையே வார்ப்பது என்று முடிவாயிற்று. 1577இல் கோவாவில் யுவான் கொன்சால்வெஸ் என்ற ஏசுசபைச் சகோதரர் முதல் அச்செழுத்துகளை வார்த்தார். அவை மனநிறைவு தரவில்லை. அடுத்த ஆண்டு கொல்லத்தில் பாதிரியார் ஜுவான் தெ பாரியா புதிதாக இன்னொரு தொகுதியை வார்த்தார். அந்த எழுத்துகளைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி முடிந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அது. எஞ்சியிருப்பதாகத் தெரியும் ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அச்சகத்துக்கான செலவில் 400 குருசாடோவைப் பரதவர்கள் கொடுத்தார்கள். மூழ்கி எடுத்த முத்தின் பணம்.

அதன் கடைசிப் பக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அங்கே இரண்டு எழுத்து மாதிரிகளைக் கொடுத்திருக்கிறார்கள். இவை 1577இல் கோவாவில் செய்தவை, இவை 1578இல் கொல்லத்தில் செய்தவை என்று. பழைய பதிப்பில் என்ன இருந்தது, புதிய பதிப்பில் என்ன மாறியது என்பதைப் பயனரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நிரலர்கள் ஒவ்வொரு வெளியீட்டோடும் இணைக்கும் மாற்றக் குறிப்புக்கு இதைவிட நல்ல முன்னோடியை நான் அறியேன்.

கொல்லத்து எழுத்துகள் கோவா எழுத்துகளைவிடத் திருத்தமானவை. இரண்டிலும் புள்ளி இல்லை. நூலின் பெயரே ‘தமபிரான வணககம’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. குற்றெகரத்துக்கும் நெட்டேகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் குறியும் கிடையாது. ஓலையில் எது இருந்ததோ அதை ஈயத்தில் வார்த்தார்கள். ஈயத்துக்குப் பொத்துப்போகும் அச்சமில்லை, தாளுக்கும் இல்லை. புள்ளியை விட்டதற்கு ஓலை சொன்ன காரணம் அச்சகத்தில் செல்லாது. பழக்கம் மட்டும் காரணத்தைத் தொலைத்துவிட்டுத் தனியே வந்து சேர்ந்தது. புள்ளியிட்ட மெய் பதினெட்டுக்கும் தனித்தனி அச்சு வெட்ட வேண்டும் என்ற செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாடம் நெஞ்சில் இல்லாத புது வாசகர்களுக்கென்று செய்த முதல் புத்தகம் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட குறியை விட்டுவிட்டது.

1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் 668 பக்கங்களில் ‘அடியார் வரலாறு’ வந்தது. இது தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் புன்னைக்காயலில் அச்சானதாகக் கொள்ளப்படுகிறது. தனிநாயக அடிகள் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியைக் கண்டார். 1967இல் தூத்துக்குடியிலேயே இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக அது மறுபடி வெளிவந்தது. அன்றிக்கேசு 1600இல் காலமானார், கரையில் அச்சுத்தொழிலும் ஓய்ந்தது. 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு மீண்டும் தொடங்கியபோது அவர் எழுத்துகளிலும் புள்ளி இல்லை. ஏகார ஓகாரங்களுக்கு இன்றுள்ள வடிவ வேறுபாட்டை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. புள்ளி அச்சில் நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தொல்காப்பியத்தில் இருந்த ஒன்று அச்சுக்கு வர, அச்சு பிறந்த பிறகு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

லினக்ஸ் கெர்னலின் முதல் பதிப்பை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்டார். அடுத்த மாதமே ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளியானது. இரண்டும் ஏறத்தாழ இரட்டைப்பிள்ளைகள், ஆனாலும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

ஒருங்குறியில் தமிழுக்குக் கிடைத்த இடம், எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக வகுத்திருந்த இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்தது. தேவநாகரியை நடுவில் வைத்து வரைந்த திட்டம் அது. அதன் கணக்கில் ‘க’ அடிப்படை எழுத்து, புள்ளி அதன்மேல் ஏற்றப்படும் தனிக்குறி. ‘க்’ என்பது ‘க’வுடன் புள்ளி சேர்ந்தது. நம் இலக்கணம் நேர் எதிராகச் சொல்கிறது. மெய் முதலில் நிற்கும், உயிர் வந்து ஏறும்போது உயிர்மெய் பிறக்கும். பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த இந்த வரிசையைக் கணினி தலைகீழாகக் கற்றுக்கொண்டது. இதை மாற்ற வேண்டும் என்ற வாதத்தின் விளைவாகத்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 குறியேற்றத்தை, ஒருங்குறியோடு சேர்த்து, தமிழக அரசு 2010இல் ஏற்றது. உலகம் ஒருங்குறியோடு நின்றுவிட்டது. அதன் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம் என்பதையும் மறுக்க முடியாது.

1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சி உணவகமொன்றில் உட்கார்ந்து வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். தூத்துக்குடி என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஆறு எழுத்து. ஒருங்குறிக்குப் பன்னிரண்டு குறி. கருவுக்கு முப்பத்தாறு பைட். கரு எழுத்தை அறியாது, அது அறிந்தது பைட்டை மட்டுமே. லினக்ஸின் வழக்கமான கோப்புமுறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறி, புள்ளிகளும் கொம்புகளும் போக அதன் பாதியை ஒட்டிய எழுத்துகள். சிற்றிதழ்க் கதையொன்றின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், மாதம் எல்லாவற்றையும் கோப்பின் பெயராக வைக்க முயன்றவர்கள் இந்தச் சுவரில் முட்டியிருப்பார்கள்.

முத்துச்சலாபத்தில் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். முதற்சல்லடைக்கு இருபது துளை, கடைசிச் சல்லடைக்கு ஆயிரம். எல்லாவற்றிலும் விழுந்துவிடுவது தூள். கருவின் பதிப்பு வரலாற்றைத் தமிழ்க்கண்ணோடு வாசித்தால், இந்தச் சல்லடைகள் ஒவ்வொன்றாக மாறிவருவதைக் காணலாம்.

2004 மார்ச்சில் வந்த 2.6.4 பதிப்பில் முனையத்துக்கு ஒரு சிறு கொடி சேர்ந்தது. உள்ளிடுவது யூடிஎஃப்-8 என்று கருவிடம் சொல்லும் கொடி அது. அதற்கு முன்பு, தட்டிய வரியைக் கருவே வைத்திருக்கும் நிலையில் அழிவிசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு பைட்தான் போகும். ‘க’வை அழிக்க மூன்று முறை அழுத்த வேண்டும். இரண்டு முறை அழுத்தி நிறுத்தியவருக்கு எந்த மொழியிலும் இல்லாத குப்பையொன்று மிஞ்சும். கொடி வந்தபின் ஒரு முழுக்குறி போயிற்று. குறிதான், எழுத்தன்று. ‘க்’கை அழிக்க இன்னும் இரண்டு அழுத்தம், முதலில் விழுவது புள்ளி. 2008 ஜனவரியின் 2.6.24இலிருந்து முனையம் இயல்பாகவே யூடிஎஃப்-8 ஆனது. அதுவரை ஒருங்குறி வேண்டுவோர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

2019 ஜூலையில் வந்த 5.2 பதிப்பு எனக்கு இன்னும் சுவையானது. ஈஎக்ஸ்டி4 கோப்புமுறைமையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாத அடைவுகளை உருவாக்கும் வசதி அதில் சேர்ந்தது. தமிழில் பெரிய எழுத்தே இல்லையே என்று அதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் அந்த வசதி ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளையும் கருவுக்குள் கொண்டுவந்தது. கொற்கை என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், முன்னே கொம்பும் பின்னே காலும் என இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டை மட்டும் பார்க்கும் கருவுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே அடைவில் இரண்டு கொற்கைகள் அருகருகே இருக்கும், தேடுபவருக்கு ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. ஆதிச்சநல்லூர் ஆய்வுப்படங்களைச் சேமித்துவைக்கும் யாருக்காவது இது நேர்ந்தால் பாதிப் படங்கள் காணாமற்போனதாகவே எண்ணுவார். 5.2இன் வசதியை இயக்கிய அடைவுகளில் மட்டும் இரண்டும் ஒன்றாகின்றன. மற்ற இடங்களில் பழைய கதைதான்.

இப்போது 6.16. அகலமில்லாக் குறிகளை முறையாகக் கையாள்வது அதன் நோக்கம். முன்பு அவை தமக்கென ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு வரிசைகளைக் கலைத்தன. இப்போது முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒரே எழுத்தாக்க முடிந்தால் சேர்க்கிறது. பிரெஞ்சுக்காரரின் எழுத்தும் அதன்மேல் சாய்ந்த குறியும் அழகாக ஒன்றுசேர்கின்றன. ‘க’வும் புள்ளியும் சேர்வதில்லை. ஒருங்குறியில் ‘க்’ என்று ஒரே குறியாக எதுவும் இல்லாததால் சேர்ந்து ஆவதற்கு ஒன்றும் இல்லை. மேலேற்றி வரையும் திறமும் முனையத்துக்கு இல்லை. புள்ளிக்கு அகலம் கிடையாது, ஆகவே கட்டமும் கிடையாது. 1578இன் ‘வணககம’ வேறு காரணத்தால் மறுபடி வந்து நிற்கிறது.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். கறுப்புத்திரையில் தமிழ் யாருக்கு வேண்டும்? தமிழ் எழுத்துருக்கள், உரையைக் கோத்துத் தரும் நிரல்கள், மொழிபெயர்த்த பட்டிகள் எல்லாம் கருவுக்கு மேலடுக்கில் இருக்கின்றன. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சென்னையிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருந்த தன்னார்வலர்கள் இரவுகளைச் செலவிட்டு அவற்றைச் செய்தார்கள். சென்னை சி-டாக்கின் பாஸ் இயங்குதளம் 2007இல் வந்தது. சாளரத்துக்குள் தமிழ் இன்று குறையில்லாமல் தெரிகிறது. கரு என்பது பொறியாளர்களின் இடம், அங்கே ஆங்கிலம் போதும் என்பார்கள்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. முனையத்தில் கதை எழுதப்போகிறவர் யாருமில்லை. இருந்தாலும் 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தே போதும் என்று முடிவு செய்தவர்களும் தம் வேலையளவில் சரியாகத்தான் நினைத்தார்கள். அது யாருக்குப் போதும் என்பதே கேள்வி. வட்டு பழுதான இரவில், சாளரம் எழாத கணினியில், தமிழ்ப்பெயரிட்ட ஐந்நூறு கோப்புகளுள் எதைக் காப்பாற்றுவது என்று பார்க்க வேண்டியவருக்குத் திரையில் தெரிவது வரிசையாக வெற்றுக்கட்டங்கள். ஆவணத்துக்கு உரியவரே அதை வாசிக்க முடியாத நிலை அது.

முடியாத வேலையா என்றால், அப்படியும் இல்லை. முனையத்தின் எழுத்துருவில் அதிகம் போனால் 512 வடிவங்கள் அடங்கும். சீனத்துக்கு இது எள்ளளவு. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் நூற்றுக்குள் முடியும். கிரந்தத்தைச் சேர்த்தாலும் இடம் மிஞ்சுகிறது. ‘ஞௌ’ போன்றவை ஒரு கட்டத்துக்குள் அடங்காது, ஆனால் இரண்டு கட்ட எழுத்துகளுக்கான கணக்கை 6.16 செம்மைப்படுத்தியிருக்கிறது. இரண்டு குறிகளை ஒரே வடிவாகச் சேர்க்கும் பொறியும் இப்போது கருவுக்குள் இருக்கிறது. இல்லாதது தமிழ் இணைகளின் பட்டியலும் அவற்றுக்கான வடிவங்களும் மட்டுமே. ஒருங்குறியில் தனிப்பயனுக்கென்று ஒதுக்கிய பகுதி இருக்கிறது, டேஸ் 16 ஏற்கெனவே அங்கேதான் குடியிருக்கிறது. அதிகாரபூர்வக் கருவில் இதை ஏற்பார்களா என்பது வேறு வழக்கு. தனக்கென்று ஒரு படி செய்துகொள்வதை யாரும் தடுக்க முடியாது, 1992 முதல் லினக்ஸ் வெளிவரும் பொது உரிமத்தின் பொருளே அதுதான்.

குறிகளைச் சேர்க்கும் அட்டவணையைக் கையால் எழுதவில்லை. ஒருங்குறித் தரவிலிருந்து அதை உருவாக்கும் சிறு பைத்தான் நிரலொன்று கெர்னலின் மூலத்திலேயே, முனையத்துக்கான அடைவில் கிடக்கிறது. இயல்பாக அது லத்தீன், கிரேக்க, சிரில்லிக் எழுத்துகளில் அதிகம் புழங்கும் இணைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முழு அட்டவணை வேண்டுவோர் அந்நிரலிடம் கேட்டு உருவாக்கிக்கொள்ளலாம். முழு அட்டவணையில் கொற்கையின் கொம்பும் காலும் சேரும். புள்ளியைச் சேர்க்க வேண்டுமானால் அந்த நிரலைத் திறந்து பதினெட்டு வரிகளை எழுதிச் சேர்க்க வேண்டும்.